தலைப்பெழுத்தாகிப்போன சீனத்துக் குடும்பங்கள்

அனுப்புநர்
செ. சிநேகா,
த/பெ. செல்லச்சாமி,
மேலத்தெரு, நயினார்கோவில் அஞ்சல்,
இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்,
பல்கலைக்கழகத் தேர்வுத் துறை.

பொருள்: சீனர்களின் கல்லறைத் திருநாள் பற்றிய எனது ஆய்வேட்டில் போலி மேற்கோள்கள் உள்ளன என்று கூறி நிறுத்திவைக்கப்பட்டுள்ள இளங்கலை வரலாறு தேர்வு முடிவை மறுபரிசீலனை செய்து வெளியிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எங்கள் கல்லூரி ஆய்வேட்டுக் குழு தங்களுக்கு அனுப்பிய அறிக்கை (நகல் எனக்குத் தரப்படவில்லை).

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நான் தங்கள் பல்கலைக்கழக இணைப்பில் உள்ள கல்லூரியில் இளங்கலை வரலாறு முடித்தவள். முடித்தவள் என்று எழுதலாமா என்பதே இப்போது தங்கள் கையில் இருக்கிறது. எல்லாத் தாள்களிலும் தேர்ச்சி பெற்றிருக்கிறேன். ஆய்வேட்டுக்கு நேராக மட்டும் "நிறுத்திவைப்பு" என்று வந்திருக்கிறது. கல்லூரி அறிவிப்புப் பலகையில் என் பதிவு எண்ணை மட்டும் தனியாக ஒட்டி, அருகில் "கருத்துத் திருட்டு" என்று பேனாவால் எழுதியிருக்கிறார்கள். இந்த மனு அந்த இரண்டு சொற்களைப் பற்றியது.

2. இந்தத் தலைப்பு எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் வகுப்புத் தோழியின் அக்கா சஃபா கீழக்கரையில் இருக்கிறார். அவர் கணவர் அகமது கபீருக்குச் சீனாவில் குவாங்சோ நகரில் ஏற்றுமதிக் கடை. சஃபா அக்கா அங்கே பல வருடங்கள் குடியிருந்துவிட்டு, பிள்ளைகளின் படிப்புக்காக ஊர் திரும்பியவர். பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பம் ஒவ்வொரு ஏப்ரலிலும் தங்கள் முன்னோர் கல்லறைக்குப் போவதை அவர் சொல்லக் கேட்டேன். புல்லைப் பிடுங்கி, கல்லைத் துடைத்து, ஆரஞ்சுப் பழமும் அவித்த கோழியும் படைத்து, காகிதப் பணத்தை எரிப்பார்களாம். மங்கிப்போன பெயர் எழுத்துகளின் மேல் சிவப்புச் சாயத்தைத் தொட்டு மறுபடி எழுதுவார்களாம். அந்தச் சிவப்பு எழுத்துதான் என்னைப் பிடித்துக்கொண்டது. துறையில் பலரும் சேதுபதிகளைப் பற்றி எழுதினார்கள். நான் சீனாவுக்குப் போனேன், கீழக்கரை வழியாக.

3. கேட்டதை அப்படியே எழுதிவிடவில்லை ஐயா. அகமது கபீர் அவர்கள் ஊருக்கு வந்தபோது சீன ஆசிரியர்கள் ஆங்கிலத்தில் எழுதிய இரண்டு நூல்களைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து தந்தார். இன்னொரு நூலை நூலகத்தில் எடுத்தேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். எந்தக் கருத்தை எவரிடமிருந்து எடுத்தேனோ, அந்த இடத்திலேயே அவர் பெயரைச் சொல்லி, அடிக்குறிப்பும் போட்டு, கடைசியில் துணைநூற்பட்டியலும் சேர்த்தேன். எனக்கு வழிகாட்டியாக இருந்த கௌரவ விரிவுரையாளர் நடுவில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். வேறொருவரைத் துறை நியமிக்கவில்லை. ஆகவே மேற்கோள் காட்டும் முறையை நானேதான் கற்றுக்கொண்டேன். கோளாறு அங்கேதான் புகுந்தது.

4. மேல்நாட்டு ஆசிரியர் என்றால் கடைசிப் பெயரை முன்னால் கொண்டுவர வேண்டும் என்று விதிமுறைப் புத்தகத்தில் இருந்தது. சீனர்களுக்கு என்ன செய்வது என்று அதில் இல்லை. நான் யோசித்தேன். அவர்களும் நம்மைப் போல முன்னோரைக் கும்பிடுகிறவர்கள், நம்மைப் போலவே முன்னால் ஒரு பெயரும் பின்னால் ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். அப்படியானால் முன்னால் இருப்பது தகப்பனார் பெயராகத்தானே இருக்க வேண்டும்? என் பெயருக்கு முன்னால் என் தந்தை செல்லச்சாமி "செ." என்று நிற்பதைப் போல அவர்களுக்கும் நிற்கட்டும் என்று, லின் மெய்யுவான் என்ற ஆசிரியரை "லி. மெய்யுவான்" ஆக்கினேன். வாங் ஷியூலான் "வா. ஷியூலான்" ஆனார். மற்றவருக்கும் அதே மரியாதை செய்தேன். ஆய்வேடு தமிழில் என்பதால் நூல்களின் ஆங்கிலத் தலைப்புகளையும் தமிழாக்கியே எழுதியிருந்தேன்.

5. ஆய்வேட்டுக் குழு இந்தப் பெயர்களையும் தலைப்புகளையும் கணினியில் தேடியது. மொழி மாறிய தலைப்பையும் முன்பாதி இல்லாத பெயரையும் வைத்துக்கொண்டு கணினிதான் பாவம் என்ன செய்யும்? இப்படி ஆசிரியர்களே உலகத்தில் இல்லை, மாணவி கற்பனையாகப் பெயர் வைத்திருக்கிறாள் என்று முடிவு செய்தார்கள். என்னை அழைத்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றே தீர்ந்திருக்கும். கேட்கவில்லை. எனக்கே பலகையைப் பார்த்துத்தான் தெரியும்.

6. மறுநாள் மூன்று நூல்களையும் பையில் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். துறைத்தலைவர் பேராசிரியர் முத்துகிருஷ்ணன் அவர்கள் நூலின் அட்டையையும் என் பட்டியலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "இது லின். நீ எழுதியிருக்கிறது வேற யாரோ" என்றார். அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது. நூலின் பின்னட்டையில் ஆசிரியரைப் பற்றிய குறிப்பை அவர் எதிரிலேயே வாசித்தேன். லின் என்பது அவர் தகப்பனார் பெயர் அல்ல. அந்தக் குடும்பம் முழுமைக்குமான பெயர். தகப்பனாரும் லின், பாட்டனாரும் லின், கல்லறைக் கல்லில் எல்லாவற்றுக்கும் மேலே சிவப்பில் எழுதப்படுவதும் லின். நான் மரியாதை என்று நினைத்து ஒரு பரம்பரையையே ஒற்றை எழுத்தாக வெட்டிப் புள்ளி வைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. துறைத்தலைவர் சிரிக்கவில்லை. தமக்குப் புரிகிறது என்றும், ஆனால் அறிக்கை பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டதால் கல்லூரியால் இனி ஒன்றும் செய்ய இயலாது என்றும் சொன்னார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதுவதே முறை. கொஞ்சம் இருக்கிறது.

7. குழு குறிப்பெழுதிய என் ஆய்வேட்டுப் பிரதியைத் துறைத்தலைவர் அன்று காட்டினார். அதில் இருந்த இரண்டாவது குற்றச்சாட்டு, சஃபா அக்காவைப் பற்றியது. பட்டியலில் "சஃபா அக்கா, கீழக்கரை, நேரில் கேட்டது" என்று எழுதியிருந்தேன். அக்கா என்பவர் ஆதாரம் ஆக மாட்டார் என்று அதன்மேல் சிவப்புக் கோடு. மூத்தவர் ஒருவரை, அதுவும் என்னை உட்காரவைத்துச் சோறு போட்டுச் சொல்லித்தந்தவரை, வெறும் பெயரால் எழுத என் கை வரவில்லை. நேர்காணல் என்று குறித்து, முழுப் பெயரும் தேதியும் போட்டிருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அவ்வாறே திருத்தி, அவர் கையொப்பமிட்ட ஒப்புதலையும் இணைத்துள்ளேன். அதில் அவரே தம் பெயருக்குப் பின்னால் "அக்கா" என்று சேர்த்துக் கையொப்பம் இட்டுவிட்டார். அருள்கூர்ந்து அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

8. மூன்றாவதுதான் என்னை இருக்கவும் விடாமல் நிற்கவும் விடாமல் அலைக்கழிக்கிறது. என் ஆய்வேட்டின் கடைசி இயலில் மேற்கோள் இல்லாத ஒரு பத்தி உண்டு. ஆடி அமாவாசையன்று சேதுக்கரைக் கடலில் தர்ப்பணம் கொடுக்க நிற்பவரிடம், தகப்பன் பெயர், பாட்டன் பெயர், முப்பாட்டன் பெயர் என்று வரிசையாகக் கேட்கிறார்கள். முப்பாட்டன் பெயர் தெரியாதவர் ஒரு கணம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். சீனத்தில் எழுத்தின் மேல் எழுத்தை எழுதிக் காப்பாற்றுவதை, இங்கே வாயால் சொல்லிக் காப்பாற்றுகிறார்கள் என்று எழுதியிருந்தேன். இந்தப் பத்திக்குப் பக்கத்தில், "மூலம் எங்கே? எங்கிருந்து எடுக்கப்பட்டது?" என்று குழு எழுதியிருக்கிறது. ஐயா, ஆதாரம் காட்டியதையெல்லாம் கற்பனை என்றார்கள். நானே கண்டு நானே எழுதிய ஒன்றைத் திருடியது என்கிறார்கள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றவர் என் தந்தை. முழங்கால் அளவுத் தண்ணீரில் துண்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் நான்.

9. என் தந்தை குண்டு மிளகாய் விவசாயி. ஆய்வேடு என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. திருட்டு என்றால் தெரியும். பலகைச் செய்தி என்னைவிட முந்திக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டது. பஸ் நிறுத்தத்தில் நாலு பேர் நடுவில் எங்கள் தெரு வீரமணி அவரிடம், "ஒம் மக காலேஜுல என்னத்தையோ களவாண்டுட்டாளாமே, என்னத்தண்ணே?" என்று கேட்டிருக்கிறார். என் தந்தை பஸ் ஏறாமல் திரும்பிவிட்டார். வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. கோபப்படவும் இல்லை. மெதுவாகத்தான் கேட்டார். "ஏத்தா, என்னத்தம்மா எடுத்த? இருந்தா குடுத்துருவோம்."

10. அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வீட்டுக்குள் செல்பேசிக்குச் சரியாகச் சிக்னல் கிடைக்காது என்பதால் கண்மாய்க் கரை வரை போய் முடிவைப் பார்க்கிறேன். திரும்பி வந்து, ஒருவேளை இப்போது மாறியிருக்குமோ என்று மறுபடி போகிறேன். சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து நடக்கிறேன் என்று அம்மா திட்டுகிறார். வெளிமாவட்டப் பல்கலைக்கழகம் ஒன்றில் கீழ்த்திசை நாடுகளின் வரலாற்றில் முதுகலை படிக்க எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. இம்மாத இறுதிக்குள் தற்காலிகப் பட்டச் சான்றிதழைக் காட்டாவிட்டால் அந்த இடம் காத்திருப்போர் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். அதற்கும் முன்னால், வரும் வியாழக்கிழமை ஆடி அமாவாசை. என் தந்தை வழக்கம்போல் சேதுக்கரைக்குப் போகிறார். வரவில்லையா என்று என்னைக் கேட்டார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

11. ஆகவே தங்களை வேண்டுவது: இணைத்துள்ள திருத்திய துணைநூற்பட்டியலையும் மூன்று நூல்களின் தலைப்புப் பக்க நகல்களையும் பார்வையிட வேண்டும். தேவையென்றால் என்னை நேரில் அழைத்து, ஆய்வேட்டின் எந்தப் பக்கத்திலிருந்து வேண்டுமானாலும் கேள்வி கேட்க வேண்டும், நூல்களோடு வந்து நிற்கிறேன். மேற்கோள் காட்டும் முறையில் தவறு செய்ததற்கு மதிப்பெண்ணைக் குறைத்தால் மறுபேச்சு பேச மாட்டேன். நிறுத்திவைப்பை மட்டும் இம்மாதத்துக்குள் நீக்கி, அறிவிப்புப் பலகையில் இருக்கும் அந்த இரண்டு சொற்களை வியாழக்கிழமைக்கு முன்பே அடிக்கக் கல்லூரிக்கு உத்தரவிட வேண்டும்.

12. திருத்திய பட்டியலில் புதிதாக ஒரு வரி சேர்த்திருப்பதைத் தாங்கள் காணலாம். குழு கேட்ட மூலம் அது. "கூத்தையா மகன் செல்லச்சாமி, விவசாயி, நயினார்கோவில். ஆடி அமாவாசை, சேதுக்கரை. நேரில் கண்டது." பெயரைப் போட்டுக்கொள்ளட்டுமா என்று என் தந்தையிடம் கேட்டேன். தன் பெயர் எதற்கு என்றார். பிறகு, போடுவதானால் அவர் அய்யா பெயரை முன்னால் போடச் சொன்னார். சுருக்காமல் முழுதாகவே போட்டிருக்கிறேன்.

13. லின், வாங் முதலிய குடும்பங்களின் பெயர்களையும் அவை இருக்க வேண்டிய இடத்தில் முழுதாக எழுதிவிட்டேன். "இருந்தா குடுத்துருவோம்" என்று என் தந்தை சொன்னபடி, நான் எடுத்தது எதுவோ அதைக் கொடுத்துவிட்டேன் ஐயா. வியாழக்கிழமை கடலில் அவர் பக்கத்தில் நிற்பதற்கு, என் பெயரையும் திருப்பித் தாருங்கள்.

இணைப்பு: திருத்திய துணைநூற்பட்டியல், நூல்களின் தலைப்புப் பக்க நகல்கள், நேர்காணல் ஒப்புதல்.

இடம்: நயினார்கோவில்
நாள்: 18.07.2025

தங்கள் பதிலை எதிர்நோக்கிக் கால் தரிக்காமல் இருக்கும்,

(கையொப்பம்)
செல்லச்சாமி சிநேகா