மூன்று சேர்மாருக்கும் ஒரே பிள்ளை

என் அன்பு அக்கா,

நீ இருக்கிற இடத்தில் இந்தக் குளிர் இல்லை என்று நம்பி எழுதுகிறேன். ஹட்டனில் இன்னும் பனி விலகவில்லை. உன் மகள் நிரோஷி நன்றாக இருக்கிறாள் என்று எழுதத்தான் ஆசை. எழுத முடியவில்லை.

நீ இருந்தபோது அவளுக்கு ஓட்டம் பழக்கியவர் பள்ளிக்கூட சேர், அந்த விளையாட்டு வாத்தியார், ஒருவர்தான். இப்போது மூன்று பேர். காலையில் பள்ளிக்கூட சேர் மைதானத்தைச் சுற்ற விடுகிறார். பின்னேரம் தேயிலைத் தோட்டத்து இளைஞர் கழக சேர் மேட்டில் ஏற்றி இறக்குகிறார். சனிக்கிழமை நுவரெலியாவில் ஒரு சிங்கள சேர் வேக ஓட்டம் பழக்குகிறார்; அவளுக்கு ஓடும்போது காலில் போடச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். மூவரும் நல்லவர்கள், அக்கா. ஆனால் ஒருவர் அவளிடம் எவ்வளவு வேலை வாங்குகிறார் என்று மற்றவருக்குத் தெரியாது.

கொஞ்ச நாளாக அவளுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி. கதவைச் சாத்திக்கொண்டு தைலம் தேய்க்கிறாள். சேர்மாரிடம் ஏன் சொல்லவில்லை என்று அதட்டினேன்.

"ஒரு சேர்கிட்ட இன்னொரு சேர் பேச்ச எப்புடி மாமா எடுக்குறது? மரியாத தெரியாத புள்ளன்னு நெனைப்பாங்க."

எல்லாம் உன் வளர்ப்பு. உன்னைத்தான் திட்ட வேண்டும்.

அதனால் உன் வருஷத் திதிக்கு மூவரையும் சாப்பிட அழைத்தேன். திதிச் சோற்றுக்கு வர மாட்டேன் என்று யார் சொல்வார்கள்? எங்கள் லயத்து வீட்டு வாசலில் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். குழம்பு ஊற்ற வந்தவள் நொண்டுவதை மூவரும் பார்த்தார்கள்.

"போட்டி நெருங்குது. என் பயிற்சிய நிப்பாட்ட ஏலாது, மத்தவங்க கொறைச்சிக்கிட்டா நல்லது" என்றார் பள்ளிக்கூட சேர். கழக சேரும் அதையேதான் சொன்னார். நுவரெலியா சேர் தனக்குத் தெரிந்த தமிழில், "நான் சனிக்கிழமை மட்டும் தானே" என்றார். உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, அக்கா! பிள்ளையின் கால் யாருக்கு வேண்டும்? ஆனாலும் மூவர் இலையிலும் இன்னும் சோறு வைத்தேன். இவர்களைப் பகைத்தால் நாளைக்கு அவளை யார் போட்டிக்குக் கூட்டிப் போவார்கள்?

அவர்கள் போனபின் எச்சில் இலையை எடுத்துக்கொண்டே கேட்டாள்: "மூணு பேர்ல யாருக்கு மாமா நான் ஏலாதுன்னு சொல்லணும்?"

பள்ளிக்கூடம் போகிற பிள்ளை கேட்கிற கேள்வியா இது?

"நீ யாருக்கும் சொல்ல வேணாம்மா" என்றேன்.

நாளைக் காலை அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். ஓடக் கூடாது என்று டாக்டர் சொன்னால், மூன்று வாசலுக்கும் நானே போய்ச் சொல்வேன். கோபித்துக்கொண்டு மூவரும் கைவிட்டாலும் விடட்டும். இந்த வருஷம் அவள் மெடல் கொண்டுவராவிட்டால் என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். பிள்ளையை நொண்டியாக்கிவிட்டாயே என்று நீ கேட்கும்படி வைக்க மாட்டேன்.

உன் தம்பி,
உன் மகளுக்குத் தாய்மாமன்