பிரஷர் என்று என் காதில் விழுந்த சொல்

என் அருமை நைனாவுக்கு,

முதலில் நான் பார்த்தது உன் ஷூவைத்தான். ஷிப்ட் முடிந்து வந்தால் வாசலிலேயே கழற்றி, கல்லில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவாய். பொங்கல் கழிந்த வாரம் ஒருநாள், கழற்றாமல் வந்து உட்கார்ந்தாய். ஷூவோடு சாப்பிட்டாய். ஷூவோடு சுவரைப் பார்த்துப் படுத்தாய். "இன்னாய்யா, கம்பெனியை வூட்டுக்கே தூக்கினு வந்துட்டியா?" என்று அம்மா சிரித்தாள். நீ சிரிக்கவில்லை.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இத்தனை நாள் அழுதேன். இப்போது கோபம்தான் வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன், மற்றவர்களும் படிக்கட்டும்.

தகடு அழுத்தும் பிரஸ் மிஷினில், உனக்குப் பக்கத்தில் நின்றவருக்கு இரண்டு விரல் போனதாமே. அந்த விரல்களைத் துணியில் சுற்றி எடுத்துக் கொடுத்ததே நீதானாமே. உன் சாவுக்கு வந்தவர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். நீ ஏன் சொல்லவில்லை, நைனா? நாங்கள் ஏன் கேட்கவில்லை?

அதற்குப் பிறகு மிஷின் முன்னால் நின்றால் உன் கை எழும்பவில்லை என்றார்கள். சூப்பர்வைசர் லைனே கேட்கும்படி சொன்னாராம்: "விரல் போனவனே அடுத்த மாசம் வரேன்றான். பத்து விரலையும் வச்சினு நீ இன்னாய்யா நடிக்கிறே?" விரல் போனால் கட்டுப் போடுகிறார்கள். மனசு போனால் அதற்குப் பெயர் நடிப்பா?

தூக்கமில்லாமல் நீ இளைத்துக்கொண்டே போனதும், ஆஸ்பத்திரிக்கு உன்னோடு என்னை அனுப்பினார்கள். எட்டாவதோடு நின்றவள் என்றாலும், வீட்டில் எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். டாக்டர் உன் முகத்தைப் பார்த்தார், இரண்டு கேள்வி கேட்டார், சீட்டில் இங்கிலீஷில் எழுதினார். "டிப்ரஷன். மாத்திரை இங்க இல்ல, வெளியில வாங்கிக்கோங்க. அடுத்த ஆள்." அவ்வளவுதான்.

என் காதில் விழுந்தது பிரஷர். டாக்டர் ஏதோ முன்னால் சேர்த்துச் சொன்னது போலிருந்தது. கேட்கலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. பின்னால் இருபது பேர் நின்றார்கள். கூச்சம். எழுந்து வந்துவிட்டேன். "உங்க பொண்ணு இருக்கிற எடமே தெரியாது, எவ்ளோ அடக்கம்" என்று ஊரே மெச்சுமே, அந்த அடக்கம்தான். அதை மெச்சியவர்கள்மேலும் எனக்குக் கோபம்.

வீட்டுக்கு வந்து "நைனாவுக்கு பிரஷராம்" என்றேன். அம்மா அன்றைக்கே கருவாட்டுப் பானையை எடுத்துப் பரண்மேல் வைத்தாள். உன் குழம்புக்கு உப்பு நின்றது. உப்பில்லாத சோற்றை நீ அப்படியே பிசைந்து தின்றாய்.

"இன்னா நைனா, உப்பில்லாம எறங்குதா?"

"இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா கோமதி."

நோய் முழுவதும் அந்த ஒரு பதிலில் இருந்தது. எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு எஸ்தர் அத்தை நல்ல மனசோடுதான் வந்தாள். "வெளிய எதுக்குடி வாங்கினு? எனக்கும் பிரஷர்தானே, எங்கிட்ட மாத்திரை கீது" என்று தன் மாத்திரையைக் கொடுத்தாள். காலையில் ஒன்று, நான்தான் தண்ணீரோடு உன் கையில் வைத்தேன். எழுந்தால் தலை சுற்றுகிறது என்றாய். பிரஷர் இறங்குகிறது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். எட்டாம் நாள், ஒரகடம் கூட்ரோட்டுக்கு இந்தப் பக்கம், சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்து தலையில் அடிபட்டுப் போய்விட்டாய். மாத்திரையால்தானா, தூங்காத கண்ணாலா? யாரிடம் கேட்பேன்?

போன வாரம்தான் எனக்கு உண்மை தெரிந்தது. அம்மா இப்போது அரிசியை முறத்தில் கொட்டிக்கொண்டு மணிக்கணக்கில் அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். "புருஷன் போனவ, அப்டித்தான் இருப்பா" என்கிறார்கள் சிலர். "உங்க வூட்டுக்கே பிரஷர்டி" என்றாள் எஸ்தர் அத்தை. இந்த முறை மாத்திரையைக் கடையிலேயே வாங்கலாம் என்று உன் பழைய சீட்டை எடுத்துக்கொண்டு படப்பைக்குப் போனேன்.

மெடிக்கல் கடைக்காரர் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். "பிரஷர்னு யாரும்மா சொன்னது? இது டிப்ரஷன். மனசு ஒடிஞ்சி போற வியாதி. இதுக்கு மாத்திரை வேற. யாருக்கு?"

"எங்க நைனாவுக்கு."

"இப்ப எப்டி கீறாரு?"

நான் சீட்டை வாங்கி மடித்துக்கொண்டேன்.

நம் ஊர் சேரப்பணஞ்சேரி வரை நடந்தே வந்தேன். வழியெல்லாம் எரிச்சல். உன் மகள் எட்டாவதுக்குமேல் படிக்கவில்லை என்று அந்த டாக்டருக்குத் தெரியாதா? மனசு ஒடிந்துவிட்டது, மருந்து இருக்கிறது, சரியாகும் என்று நம் பேச்சில் சொல்ல எத்தனை நேரம் ஆகும்? உனக்கு வந்தது திமிரில்லை, நடிப்பில்லை, ரத்தக்கொதிப்பும் இல்லை. பெயர் உள்ள நோய். அந்தப் பெயரைக்கூட உன்னிடம் யாரும் கொடுக்கவில்லை.

நேற்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். வேறு டாக்டர். அம்மாவைப் பார்த்தார், எழுதினார், ஏதோ ஒரு இங்கிலீஷ் சொல் சொன்னார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அம்மா எழுந்துவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்து மறுபடி உட்கார வைத்தேன்.

"புரியல டாக்டர். தமிழ்ல சொல்லுங்க."

"ந்தா பொண்ணு, எங்களுக்கும் வேலை கீது, எழுந்திரு" என்று பின்னால் ஒருத்தி அதட்டினாள். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அம்மாவைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். நானும் கேட்டேன்: மாத்திரை எதற்கு, எத்தனை நாள், தலை சுற்றினால் என்ன செய்வது. கேட்டு முடிக்கும்வரை நான் அம்மாவின் கையை விடவில்லை.

அடுத்த செவ்வாய் மறுபடி போகிறோம், நைனா. புரியவில்லையென்றால் மறுபடியும் கேட்பேன்.

உன் மகள்,
கோமதி