வந்துட்டேன், கிளம்புறேன்

ஜூன் 3, செவ்வாய்

சர்வர் இன்றும் பதினொரு மணிக்குப் படுத்துவிட்டது. மருத்துவமனை முன்பதிவு மொத்தமும் நின்று, கவுன்ட்டரில் ஒரே சத்தமாம். அணைத்துப் போட்டேன், எழுந்துகொண்டது. இந்த மென்பொருளை எழுதிய என் பக்கத்து இருக்கைக்காரர், நாங்கள் ஆமை என்று கூப்பிட்டவர், இறந்து நாலு மாதம் ஆகப்போகிறது. அன்றிலிருந்து இதே வைத்தியம்தான். இந்த மாதத்துக்குள் காரணம் தெரியாவிட்டால் ஆமை எழுதியதை மொத்தமாகத் தூக்கிவிடுவாராம் மேலாளர். "அவர் எழுதுனதுலதானே கோளாறு? ரிப்போர்ட்லயே இருக்கே" என்றார்.

பிப்ரவரியில் முதல்முறை நின்றபோது எழுதிய அந்த ரிப்போர்ட்டில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

உள்ளே என்னதான் நடக்கிறது என்று இன்றுதான் உட்கார்ந்து படித்தேன். ஐந்து வருடம் பக்கத்தில் இருந்தும் படித்ததில்லை. கேட்டால் அவர் சொல்லிவிடுவார், அப்புறம் எதற்கு மெனக்கெடுவது?

வரும் கோரிக்கைகள் வரிசையில் நிற்கின்றன. உள்ளே த்ரெட்கள் என்ற வேலையாட்கள், ஆளுக்கு ஒரு கோரிக்கை. டேட்டாபேஸோடு பேச மொத்தம் பத்து கனெக்‌ஷன். ஒன்றை எடுத்து, வேலை முடிந்ததும் திருப்பி வைக்க வேண்டும். பத்தும் வெளியே போய்விட்டால் அடுத்து வருபவன் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

எடுக்கும்போது லாகில், நடப்பதைக் குறித்துவைக்கும் பதிவில், ஒரு வரி விழுகிறது: வந்துட்டேன். திருப்பும்போது: கிளம்புறேன். ஊரே ஆங்கிலத்தில் எழுதும், ஆமைக்கு இப்படித்தான் வரும். நாள் முழுக்க அவர் வந்துகொண்டும் கிளம்பிக்கொண்டும் இருக்கிறார். வீட்டில் சோறு பிசையும்போதுகூடக் காதில் கேட்கிறது.

ஜூன் 6, வெள்ளி

பிப்ரவரி 20 அன்றும் இப்படித்தான் நின்றது. அவருக்கு லீவு. நான்தான் போன் பண்ணினேன். "பதறாத, இதோ வந்துட்டேன்" என்றார். எதற்கும் அவசரப்படாத மனிதர், பட்டப்பெயரே அதனால் வந்ததுதான். அவசரப்பட்டது அந்த ஒரு நாள். நாற்சந்தியில் லாரி. வந்து சேரவில்லை.

ஜூன் 9, திங்கள்

இன்றும் நின்றது. லாகை எண்ணினேன். கிளம்புறேனைவிட வந்துட்டேன் பத்து அதிகம். சரியாகப் பத்து. அவை எங்கே போயின?

ஜூன் 10, செவ்வாய்

கிடைத்துவிட்டது.

இல்லாத நோயாளி எண்ணைத் தேடினால், 'அப்படி யாரும் இல்லை' என்று சொல்லிவிட்டுப் பாதியிலேயே வெளியேறுகிறது — கனெக்‌ஷனைத் திருப்பி வைக்காமல். கவுன்ட்டரில் ஒருவர் எண்ணைத் தப்பாக அடித்தால் ஒன்று போச்சு. பத்துத் தப்பு சேர்ந்தால் எல்லாம் போச்சு.

நாலே வரி. எழுதியது ஆமை இல்லை. பிப்ரவரி 18, என் பெயர். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று அவரிடம் காட்டாமலே சேர்த்தேன். என்ன பண்ணி வெச்சிருக்கேன் நான்? என் தப்பைச் சரி பண்ணத்தானா அவரைக் கூப்பிட்டேன்?

ஜூன் 12, வியாழன்

சரிசெய்தாயிற்று. நிற்கவில்லை. ஆமையின் தப்பைப் பிடித்துவிட்டேன் என்று மேலாளர் எல்லார் முன்னாலும் பாராட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. சீ.

ஜூன் 14, சனி

ஆமையின் வீட்டுக்குப் போனேன். நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். நாலு வரி, போன், ரிப்போர்ட் எல்லாவற்றையும் கொட்டினேன். மடிப்பதை அவர் நிறுத்தவில்லை.

"தெரியும்மா. ஹெல்மெட் மாட்டும்போதே சொன்னாரு. 'புதுசா எதையோ சேர்த்திருக்கா, திருப்பி வைக்க மறந்திருப்பா. யாருக்கும் தெரியறதுக்குள்ள சரி பண்ணிட்டு வந்துடறேன்'னு."

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று எப்படியோ கேட்டேன்.

"நான் சொன்னா யார் நம்புவா? நீயா வர்றியான்னு பார்த்துட்டு இருந்தேன்." கடைசித் துணியை அடுக்கில் வைத்தார். "கோபம் போகல எனக்கு. போகும்னும் தோணல. ரிப்போர்ட்டை மாத்து. எம்பொண்ணு ஒருநாள் படிப்பா."

அடுக்கில் ஆமையின் சட்டைகளும் இருந்தன.

ஜூன் 17, செவ்வாய்

புது ரிப்போர்ட் போய்விட்டது. காரணம் என்ற இடத்தில் என் பெயர். அக்காவுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன், பதில் இல்லை. என் வேலையைப் பற்றி வெள்ளிக்கிழமை பேசுவார்களாம். லாகில் அந்த இரண்டு வரிகளை ஆங்கிலத்துக்கு மாற்றச் சொன்னார் மேலாளர். முடியாது என்றேன்.

சாயங்காலம் எண்ணினேன். வந்துட்டேன் 4,112. கிளம்புறேன் 4,112. சரியாக இருந்தது. இன்னொரு முறை எண்ணினேன்.