மூடி வைத்த ஜாடி

1973 பிப்ரவரி 2, வெள்ளி
மொட்டை மாடியில் வாயகன்ற கண்ணாடி ஜாடியை வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். திருவான்மியூரில் எங்கள் தெருவுக்குப் பின்னால் பெரிய சுண்ணாம்புக் காளவாய் கட்டப்போகிறார்கள். இங்கே இப்போதே எவ்வளவு தூசி விழுகிறது என்று பார்த்துச் சொல்வது எங்கள் ஆபீஸ் வேலை. ஏற்கெனவே அதிகம் என்றால் அனுமதி கிடைக்காது. நாலு இடத்தில் ஜாடி. அந்த இடத்துக்கு மிகப் பக்கம் என் வீட்டு மாடிதான். "ஆபீஸ் ஜாடி, தொடாதே" என்று மட்டும் இசக்கியிடம் சொன்னேன். அதற்கு மேல் விளக்கினால் என் பெண்டாட்டி கொட்டாவி விடுவாள்.

பிப்ரவரி 14
இசக்கிக்கு மறுபடி மூச்சிழுப்பு. உட்கார்ந்தபடியே தூங்கினாள். "காளவாய் வந்துட்டா இவங்க இங்க இருக்கக் கூடாது, ஊருக்கு அனுப்பிடுங்க" என்கிறார் டாக்டர். அவள் அம்பாசமுத்திரத்திலும் நான் இங்கேயுமா? என்னால் முடியாது.

மார்ச் 3
ஜாடிகளில் சேர்ந்ததை வடித்து, உலர்த்தி, நிறுத்தோம். இருப்பதிலேயே குறைவு என் வீட்டில். மேலதிகாரி பத்ரிநாராயணன் சார் சிரித்தார். "ஓய் வைரவன், காளவாய் தாராளமா வரலாம்." கொடியில் காயப்போட்ட சட்டை சாயங்காலத்துக்குள் அழுக்காகிறதே – அப்புறம் எப்படி?

மார்ச் 4, ஞாயிறு
மாடிக் கொடியில் என் பழைய வேட்டித் துண்டு. நடுவில் வட்டமாக அழுக்கு. ஜாடி வாய் அளவுக்கு.

"ஏ இசக்கி, இது என்ன?"

"ஜாடியில தூசியா விழுதுல்லா. ஆபீஸ் தண்ணி கெட்டுப்போச்சுன்னா உங்களத்தான ஏசுவாங்க? நீங்க போனதும் மூடுவேன், வாரதுக்குள்ள எடுத்திருவேன். ஜாடியத் தொடவே இல்ல."

அடிப்பாவி. மூச்சு வாங்க வாங்கப் படியேறி, தன் நெஞ்சுக்கே உலை வைத்திருக்கிறாளே. கத்தத்தான் வாயைத் திறந்தேன். முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. உட்கார வைத்து எல்லாம் சொன்னேன். அழுதாள். இவளைப் போய் எப்படி ஊருக்கு அனுப்புவேன்?

மார்ச் 5
சார் எரிந்து விழுந்தார். "காளவாய் வேண்டாம்னு நீரே கதை கட்டறீர்னு சொல்லுவா, தெரியுமோல்லியோ?" நியாயமான சந்தேகம்தான். துணியைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லா எடத்துலயும் இன்னொரு மாசம் வையும். உம்ம மாடி மட்டும் வேண்டாம். பக்கத்து மாடி."

மார்ச் 19
ஜாடி இப்போது பக்கத்து வீட்டு ஜமீலுன்னிசா அக்கா மாடியில். "அக்கா, மூடிராதீங்க" என்று இசக்கி தினமும் எட்டிப் பார்த்துக் குரல் கொடுக்கிறாள். "நான் இன்னாத்துக்கும்மா மூடப்போறேன்?" என்று அந்த அம்மாவுக்கு ஒரே அலுப்பு.

ஏப்ரல் 7
நாலு ஜாடியில் அக்கா மாடியில்தான் அதிகம். சார் கையெழுத்துப் போட்டார். மேலே என்ன சொல்வார்களோ. எதற்கும் இருக்கட்டும் என்று இசக்கி ஊருக்குப் பெட்டி கட்டி வைத்திருக்கிறாள். அந்தப் பக்கம் பார்க்கவே பிடிக்கவில்லை.

மே 11
காளவாய்க்கு வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். ஓட்டமும் நடையுமாக வந்து சொன்னேன். "சரி, கை கழுவிட்டு வாங்க" என்றாள், அவ்வளவுதான்.

கழுவிவிட்டு வந்தால் பெட்டி காலியாகத் திறந்து கிடக்கிறது. என் சாப்பாட்டுத் தட்டை அந்த வேட்டித் துண்டைத் துவைத்து மூடி வைத்திருந்தாள்.