சிவப்புப் பூ வந்த பிறகு

செம்மேடு
9.11.2006

அன்பு மகன் தனபாலுக்கு அம்மா எழுதுவது. கிணற்றுக்குப் போர் போடும் வண்டியோடு எந்த ஊரில் நிற்கிறாயோ, அங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் நீ இருக்க வேண்டும் சாமி. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. மழை விடாததால் மரவள்ளி இன்னும் பிடுங்கவில்லை, அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, அதெல்லாம் கிடக்கட்டும்.

மருமகள் கவிதாவுக்கு ஆறாம் மாத ஸ்கேன் நாமக்கல்லில் எடுத்ததைப் போனில் சொன்னேன், முழுதும் சொல்வதற்குள் நீ வைத்துவிட்டாய், அதனால் எழுதுகிறேன். குழந்தையின் நெஞ்சுக்குள் நுரையீரலைச் சுற்றித் தண்ணீர் கோத்திருக்கிறதாம். அது நுரையீரலை வளரவிடாமல் நெருக்குகிறது, இதயத்தையும் ஒரு பக்கமாகத் தள்ளுகிறது, இப்படியே விட்டால் பிறந்ததும் மூச்சு விட முடியாது, வயிற்றிலேயே போனாலும் போய்விடும் என்றார் டாக்டரம்மா. கோயம்புத்தூரில் இதற்கென்று டாக்டர் இருக்கிறாராம். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே தாய் வயிற்றின் வழியாக ஊசி விட்டுத் தண்ணீரை எடுப்பாராம், மறுபடி ஊறினால் குழந்தையின் நெஞ்சில் சின்னக் குழாய் ஒன்று வைத்து வடியவிடுவாராம். பனிக்குடம் உடைகிற பயமும் அதில் உண்டு, ஆனாலும் உடனே போங்கள் என்றார். பிறக்காத பிள்ளைக்கு வைத்தியமா என்று எனக்கே முதலில் நம்பிக்கை வரவில்லை.

உன் அப்பா மாரியம்மன் கோயிலில் பூக் கேட்டார். வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டார், பூசாரி எடுத்த பொட்டலத்தில் சிவப்பு இருந்தது. அடுத்த செவ்வாய் வரை பொறுத்து மறுபடி கேட்டார், மறுபடியும் சிவப்பு. அவர் மேல் கோபப்படாதே, ஊசி குழந்தை மேல் குத்திவிடுமோ என்று மனுஷன் சோறு இறங்காமல் கிடந்தார். உன்னைக் கேட்டால் நீயும் அப்பா சொல்கிறபடி செய்யுங்கள் என்று சொல்லி முடித்துக்கொண்டாய். கவிதா போனுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள் தனபால். அவளிடம் கொடு என்று நீ சொல்லவில்லை.

இன்று மத்தியானம் அவளே மாமனார் முன்னால் வந்து நின்றாள். "சாமியக் கேட்டீங்க மாமா, என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா? அது முன்ன மாதிரி அசையறதில்லீங்க" என்றாள். அவர் எழுந்து போய்விட்டார். நாளைக் காலையில் முதல் பஸ்ஸுக்கு நான் கூட்டிக்கொண்டு போகிறேன், அம்மன் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் இவர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் மலை வளைவுகளில் அவளுக்குக் குலுங்காமல் முன் சீட்டு வேண்டும் என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். பூக்காரி பாவாயி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நாட்கள் கழிந்துவிட்டன, போய்ச் சேரும்போது என்ன சொல்வார்களோ. நீ நேரத்துக்குச் சாப்பிடு, வண்டிக்கு அடியில் படுக்காதே. அம்மன் உன்னையும் உன் குடும்பத்தையும் காக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே கண்ணு. இந்தக் கடிதம் உன் வண்டி ஆபீஸ் வழியாகக் கைக்கு வந்த பிறகும் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவேன். குழந்தை தங்கினாலும் சரி, தங்காவிட்டாலும் சரி, போனை அவளிடம் கொடுக்கச் சொல், நீ எப்படி இருக்கிறாய் என்று முதலில் அவளைக் கேள். குழந்தையைப் பற்றி அதற்குப் பிறகு கேள்.

இப்படிக்கு,
உன் அம்மா
கு. பெருமாயி