ஏணிப்படி தெரியாத பாதம்

“திங்கட்கிழமை ஏணி ஏறத்தான் போறேன்...”
“ஏறுவே, ஏறுவே! செருப்பு கழண்டு கூடத்துல கிடக்கு...”
“அம்மா, என்னைப் பேச விடு...”
“...நீ பாட்டுக்கு சமையலறையில வந்து நிக்கறே! அதுகூடத் தெரியலை!”

மகளே, நேற்று இதோடு கதவைச் சாத்திக்கொண்டாய். மீதியை எழுதிவைத்துவிட்டு நான் பல் டாக்டரிடம் போகிறேன்.

தளர்ந்த தசைநாரை ஆபரேஷனில் இறுக்கித் தைத்தாயிற்று, கணுக்கால் இனி பிசகாது. சரி. ஆனால் பாதத்தின் வெளிப்பக்கம் மூன்று மாதமாக மரத்துக் கிடக்கிறதே! மாடிச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவளுக்கு, காலடியில் படி இருக்கிறதா என்று யார் சொல்வது?

“நரம்பு தூங்குதும்மா, எழுந்தாலும் எழும்” என்றார் டாக்டர். அன்றிலிருந்து, குழந்தை தூங்குகிற வீட்டில்போல, நான் சத்தமில்லாமல்தான் நடக்கிறேன்.

பருப்பைச் சூடுபண்ணிக்கொள். பத்து மணிக்குக் காலுக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் வருவாள். செருப்புக் கதையை அவளிடம் மறைக்காதே. சாவி ஆணியில்.

கோபம் எனக்கு இல்லை. பயம்தான்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். விடியலில் உன் பாதம் போர்வைக்கு வெளியே கிடந்தது. திரைச்சீலை அசைய அசைய, வெளிச்சம் தண்ணீர்போல அதன்மேல் ஏறி இறங்கியது. உன் பையிலிருந்து சின்னப் பிரஷ்ஷை எடுத்து, மரத்த இடத்தில் மட்டும் லேசாகத் தடவினேன்.

“கூசுதும்மா” என்றாய், கண்ணைத் திறக்காமலே.

கனவில் சொன்னாயா, கால் சொல்லிச் சொன்னாயா? குனிந்து உன் காதோரம் கேட்டேன்:

“எங்கடி கூசுது, கண்ணு?”