இருபதுக்கு முப்பது

என் அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி வாலுக்குட்டியும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும், சம்பந்தியும் நன்றாகத்தான் இருப்பார், அவருக்கு என்ன குறை. பார், முதல் வரியிலேயே அவர் பேச்சு வந்துவிட்டது. கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாளில் எழுதலாமா என்று யோசித்தேன், எந்தத் தாளில் எழுதினாலும் இதேதான் வரும் என்று விட்டுவிட்டேன். போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் உன் அம்மா பிடுங்கிக்கொள்வாள். அதோடு பத்து நாளைக்கு முன்னால் நான் உன்னிடம் கத்திவிட்டு வைத்தேனே, அதிலிருந்து நீ அம்மாவோடு மட்டும்தான் பேசுகிறாய், கடைசியில் அப்பா எப்படி இருக்காரு என்று ஒரு கேள்வி, அவளும் இருக்காருடி என்கிறாள், அதோடு முடிந்தது. சரி, இருக்கிறேன்.

கடையில் பள்ளிச் சீருடை சீசன் தொடங்கிவிட்டது, இந்த வாரம் மட்டும் இருநூற்று நாற்பது கால்சட்டை வெட்ட வேண்டும், அதனால்தான் உன்னைப் பார்க்க இந்தத் தடவையும் கிளம்ப முடியவில்லை, கட்டிங் மாஸ்டர் இல்லாமல் பத்துத் தையல் மிஷினும் சும்மா கிடக்கும் என்று முதலாளி சொல்கிறார், அது பொய்யும் இல்லை. பொத்தானுக்குக் காஜா எடுக்கிற அக்காவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி இரண்டு நாளாகத்தான் வேலைக்கு வருகிறாள். அம்மாவுக்கு இடுப்பு வலி குறைந்திருக்கிறது, ஆனால் வாளி தூக்காதே என்றால் கேட்பதில்லை, நீ ஒரு வார்த்தை சொல், நான் சொன்னால் உங்களுக்கு என்ன தெரியும் என்பாள். சமையலறைக் குழாய் ஒழுகியதை நானே சரி செய்தேன், இப்போது கொஞ்சம் கூடுதலாக ஒழுகுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். சம்பந்தி அங்கே வந்து நாலு மாதமாகிறது, சம்பந்தியம்மா தனியாக இருக்கிறார், ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று உன் அம்மா நச்சரித்ததால் போனோம். கதவைத் திறந்ததும் எதிர்ச் சுவரில் ஆள் உயரத்தில் பாதிக்கு ஒரு படம். சம்பந்தி தோளில் வாலு உட்கார்ந்திருக்கிறாள், அவர் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், கிட்டப் போனால் அவள் இமை மயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம். உங்க பொண்ணு எடுத்ததுதான், எவ்ளோ தெளிவா இருக்கு பாத்தீங்களா என்று சம்பந்தியம்மா சொன்னார். பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னேன். ஆனால் எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது, மறைத்து என்ன ஆகப்போகிறது. என் பேத்தியும்தானே அவள். பிறந்து பதினாலு மாதமாகியும் நான் தொட்டதில்லை. இந்த மனிதர் ரயிலில் கார்டாக இருந்தவர், ஓய்வு பெற்றார், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கிவிட்டார், வாயில் விரலை வைத்து ஒரு விசில் அடித்தால் குழந்தை விழுந்து விழுந்து சிரிக்கிறது. எனக்கு விசில் அடிக்க வராது. குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பழகிப் பார்த்தேன், காற்றுதான் வந்தது, என்ன சத்தம் அது என்று உன் அம்மா வெளியே நின்று கேட்டாள்.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் நேரே கடைவீதி ஸ்டுடியோவுக்குப் போனேன். அதை நடத்துகிற அம்மாவை உனக்குத் தெரியும், உன் பாஸ்போர்ட் படத்துக்கு மூன்று தடவை திருப்பி உட்கார வைத்தவள். வாலு முதன்முதலாக எழுந்து நின்ற படத்தை நீ எனக்கு அனுப்பியிருந்தாயே, அதில் குழந்தையை மட்டும் எடுத்து வைத்திருந்தேன், இருபது இஞ்ச் அகலம் முப்பது இஞ்ச் உயரத்துக்குப் போடும்மா என்றேன். சம்பந்தி வீட்டுப் படத்தைவிட அகலத்தில் இரண்டு இஞ்ச் கூடுதல், பார்த்ததும் கண்ணாலேயே அளந்துவிட்டேன். அவள் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு, தாங்காது ஐயா, ரொம்ப சின்னப் படமா இருக்கு என்றாள். போடும்மா பாத்துக்கலாம் என்றேன். இரண்டு நாள் கழித்துப் போனால், வாசலில் நின்று பார்த்தால் குழந்தை, மேசைக்குக் கிட்டப் போனால் கட்டம் போட்ட சட்டைத் துணி. கண் எங்கே, மூக்கு எங்கே, எல்லாம் சதுரம் சதுரமாக இருக்கிறது. அந்த ஸ்டுடியோ படிக்கட்டில் நின்றுதான் உனக்குப் போன் போட்டேன். அவங்களுக்கெல்லாம் பெருசு, பெத்தவங்களுக்குச் சின்னதா, அங்க போனதும் அப்பாவோட அளவையும் குறைச்சிட்டியா என்று கத்தினேன். எல்லாருக்கும் ஒரே மாதிரிதான்ப்பா அனுப்புறேன் என்று நீ சொன்னாய், உன் குரல் ஒரு மாதிரி போனது எனக்குக் கேட்டது, கேட்டும் வைத்துவிட்டேன்.

உள்ளே திரும்பி வந்தால் அந்த அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சம்பந்தி வீட்டுப் படத்தையும் அவள்தான் போட்டிருக்கிறாள், அது கேமராவில் இருந்தபடியே மாப்பிள்ளை அவர் அம்மாவுக்கு மெயிலில் அனுப்பியதாம், இந்த மாதிரி போனில் ஒருத்தருக்கொருத்தர் அனுப்புகிற படத்தை அந்த ஆப் தானாகவே சுருக்கிவிடுமாம், சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்று. அதில் உன் குற்றம் ஒன்றும் இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் அதோடு அவள் விடவில்லை. சுருக்கினாலும் இவ்ளோ சின்னதா வராதே ஐயா, இதை யாரு வெட்டினது என்று கேட்டாள். முப்பத்தோரு வருஷமாகக் கத்தரிக்கோல் பிடிக்கிறவனைப் பார்த்துக் கேட்கிறாள். அவள் படத்தின் ஓரத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள், வாலுவின் குட்டிக் கைக்குள் இரண்டு விரல் இருக்கிறது, விரலுக்குப் பின்னால் ஆளைக் காணோம். இந்த விரல் யாரோடது என்றாள். போனில் இருந்த முழுப் படத்தைத் திறந்து அவளிடம் காட்டிவிட்டேன். சம்பந்தியுடையது. நீ அனுப்பிய படத்தில் அவர் தரையில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டிக் குழந்தையை நிற்க வைத்திருந்தார், படத்தில் முக்கால்வாசி அவர்தான், என் சுவரில் அவர் எதற்கு என்று கட்டை விரலால் இழுத்து இழுத்து நான்தான் வெட்டினேன். அந்த இரண்டு விரலை மட்டும் வெட்ட முடியவில்லை, வெட்டினால் குழந்தையின் கை போய்விடும்.

அவள் நல்ல பொம்பளை, சிரிக்கவில்லை. எனக்குப் புரிகிற மாதிரி இஞ்ச் கணக்கில் சொன்னாள். படம் என்பது புள்ளிகள்தானாம். கையில் வைத்துப் பார்க்கிற படத்துக்கு ஒரு இஞ்சுக்கு முந்நூறு புள்ளி வேண்டும், சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்ப்பதற்கு நூற்றைம்பது போதும். எனக்கு வந்த படம் அகலத்தில் ஆயிரத்து இருநூறு, நான் வெட்டி மிச்சம் வைத்தது நானூறு, அதை இருபது இஞ்சுக்கு இழுத்தால் இஞ்சுக்கு இருபதே புள்ளி. கைக்குட்டைத் துணியில் பேன்ட் கேட்டிருக்கிறேன். இதையே ஒரு வாடிக்கையாளர் என்னிடம் கேட்டிருந்தால் கடையை விட்டுத் துரத்தியிருப்பேன். சரிம்மா, என் பொண்ணுகிட்ட ஒரிஜினல் கேக்குறேன், அதுல குழந்தையை மட்டும் வெட்டிப் போடு என்றேன். அதற்கும் தலையை ஆட்டினாள். ஒரிஜினல் அகலத்தில் மூவாயிரம் இருக்குமாம், அதில் குழந்தை மட்டும் என்றால் ஆயிரம்தான் தேறும், உள்ளங்கை அளவுக்கு அருமையா வரும், சுவருக்குப் பத்தாது, பெருசா வேணும்னா முழுப் படத்தையும் போடணும் ஐயா, அந்தப் பெரியவரையும் சேத்துத்தான் என்றாள். அதாவது என் பேத்தி என் வீட்டுச் சுவரில் பெரிதாக நிற்க வேண்டுமானால் அவரும் கூடவே வந்து உட்கார வேண்டும். வீட்டுக்கு நடந்தே வந்தேன், பஸ் வந்தும் ஏறவில்லை.

பத்து நாளாக இதையேதான் யோசிக்கிறேன், துணியில் சாக்பீஸ் கோடு போடும்போதும் இதுதான். நீ அனுப்பிய முழுப் படம் போனில் இன்னும் இருக்கிறது, தினமும் திறந்து பார்க்கிறேன். அவருக்கு முட்டி வலி உண்டு என்று உன் அம்மா சொல்வாள், இருந்தாலும் தரையில் உட்கார்ந்திருக்கிறார். கேமராவைப் பார்க்கவே இல்லை, குழந்தையைத்தான் பார்க்கிறார். அந்த இடம் என்னுடையது என்று எனக்குத் தோன்றுகிறது, அவர் நல்லவர் என்பதும் தெரிகிறது, இரண்டும் சேர்ந்து தெரிவதுதான் பெரிய கஷ்டம். கெட்டவராக இருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்.

இதற்கெல்லாம் அடியில் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். வாலு அவரை அந்த விசிலை வைத்து 'கூ' என்றுதான் கூப்பிடுகிறாள், தாத்தா என்ற சொல் எனக்கே எனக்குக் கிடைத்தது என்று ஒரு வாரம் கடை முழுக்கப் பீற்றிக்கொண்டேன். போன மாதம் நீ சிரித்துக்கொண்டே சொன்னாய், சோபாவில் சும்மா கிடக்கிற போனைக் காட்டித் தாத்தா தாத்தா என்கிறாள், அணைத்து வைத்த போனையும் தாத்தா என்றுதான் தூக்கி வருகிறாள் என்று. நானும் சிரித்தேன். வைத்த பிறகுதான் உறைத்தது. அவளுக்குத் தாத்தா என்றால் நான் இல்லை, அந்தப் போன். அதற்குள் வீடியோ காலில் தீப்பெட்டி அளவில் அசைகிற ஒரு மூஞ்சி, நெட் சரியில்லாவிட்டால் அதுவும் கட்டம் கட்டமாக. கூ-வுக்குத் தோள் இருக்கிறது, விரல் இருக்கிறது. எனக்கு என்ன இருக்கிறது சொல். உன்னிடம் கத்தினது இதற்காகத்தான், படத்துக்காக இல்லை. உன் மேல் தப்பில்லை கண்ணு, வெட்டினவன் நான், பழியை உன் மேல் போட்டேன். அப்பாவை மன்னித்துவிடு.

இப்போது நான் சொல்வதைச் செய். அந்த நிற்கிற படத்தின் ஒரிஜினலை அனுப்பு, படமாக அனுப்பாதே, டாக்குமெண்ட் என்று ஒன்று இருக்கும் அதில் போட்டு அனுப்பு, அப்படி அனுப்பினால் சுருங்காதாம். முழுசாகவே போடப்போகிறேன், ஒரு நூல்கூட வெட்டமாட்டேன். சும்மா பார்க்க அனுப்புகிற படங்களை எப்போதும் போலவே அனுப்பு, எல்லாவற்றையும் பெரிதாக அனுப்பினால் என் போன் நின்றுவிடும். அடுத்தது, நேற்று அதே ஸ்டுடியோவில் போய் என்னை ஒரு படம் எடுத்துக்கொண்டேன், முகம் மட்டும், நேராகப் பார்த்து. அந்த அம்மா மாப்பிள்ளைக்கு மெயிலில் அப்படியே அனுப்பியிருக்கிறாள். டேப் வைத்து என் முகத்தை அளந்தேன், உச்சியிலிருந்து தாடை வரை ஒன்பது இஞ்ச், அகலம் ஆறே கால். அதே அளவுக்கு அச்சடிக்கச் சொல், கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம், தாளுக்குத் தக்கபடி பொருத்து என்று கம்ப்யூட்டரில் ஒன்று கேட்குமாம், அதைத் தொடக் கூடாது, தொட்டால் அளவு மாறிவிடுமாம். சுவரில் மேலே மாட்டாதே, அவள் நின்றால் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒட்டு. தடவினால் தடவட்டும், கிழித்தால் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம்.

சம்பந்தியிடம் என் நமஸ்காரத்தைச் சொல். சொல்லிவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு அந்தப் படத்துக்கு முன்னால் போய் நின்று இதுதான் தாத்தா என்று அவரையே சொல்லச் சொல். நீ சொன்னால் அவள் திரும்பிப் போனைத்தான் தேடுவாள். கூ சொன்னால் நம்புவாள். இதை எழுத எனக்கு எவ்வளவு வயிற்றெரிச்சலாக இருக்கிறது என்று அவரிடம் சொல்லாதே.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ, குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கு. நீங்கள் மூன்று பேரும் நூறு வருஷம் நிறைவாக இருக்க என் ஆசீர்வாதம், சம்பந்திக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அப்படியென்றால் நாலு பேர். டாக்குமெண்ட்டாக அனுப்ப மறக்காதே.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
அப்பா